இடுப்பு உயரம்

"காலை இறக்குங்க, அக்ளாயா விக்தோரவ்னா. இடுப்பு உயரம் போதும்."

பியானோ நின்றது. சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து புளித்த பால் குடித்துக்கொண்டிருந்த குழு நடனப் பெண்கள் குப்பியை வாயிலிருந்து எடுக்க மறந்தார்கள். நாயகி அக்ளாயாவின் வலது கால் இன்னும் காதருகில்தான் இருந்தது. அதை அவள் இறக்கவில்லை. அப்படி நின்றபடியே, கொக்கு கழுத்தைத் திருப்புவதுபோல என் பக்கம் திரும்பினாள்.

இந்த நாடகசாலையில் நான் சேர்ந்த அன்றே கலை இயக்குநர் இன்னகென்தி மக்சீமவிச் எனக்கு ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார். "உடுப்புத் தைக்கிறவங்ககிட்ட கேளு, விளக்குக்காரங்ககிட்ட கேளு, என்கிட்ட கேளு. என்ன வேணும்னாலும் கேளு. அக்ளாயாகிட்ட மட்டும் காலை இறக்கச் சொல்லிடாதே." தலையாட்டினேன். அப்போது எனக்கு வேலை வேண்டியிருந்தது.

நாங்கள் உயிர்ப்பித்துக்கொண்டிருந்த பாலேயின் பெயர் 'ஓடக்காரி'. 1893-இல் இதே பீட்டர்ஸ்பர்க்கில், ஜார் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தது. சின்னக் கதைதான். ஆற்றில் ஓடம் விடும் பெண்ணைப் பண்ணையார் விலைக்கு வாங்கப் பார்க்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். புரட்சிக்குப் பிறகு அவள் கையில் செங்கொடி கொடுத்தார்கள். அறுபதுகளில் கொடியைப் பிடுங்கிக்கொண்டு காலைத் தூக்கவைத்தார்கள். அப்புறம் மொத்தமாகக் கைகழுவிவிட்டார்கள்.

ஆனால் முதலில் ஆடியதை அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார். பாட்டுக்கு இசைக்குறிப்பு எழுதுவதுபோல, கோடு போட்டு, கோட்டின்மேல் புள்ளி வைத்து: எந்தக் கால், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம். ஆவணக் காப்பகத்தில் யார் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. நான் படிப்பேன். செரபவெத்ஸ் இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவரின் மகள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். எனக்கு ஆடத் தெரியாது. ஆடியதைப் படிக்கத் தெரியும். இரண்டு குளிர்காலம் குனிந்த தலை நிமிராமல் படித்து, புள்ளிகளிலிருந்து அந்தப் பெண்ணை வெளியே எடுத்தேன்.

ஊரெல்லாம் ஒட்டியிருந்த சுவரொட்டியில் இரண்டு வரி இருந்தது. '1893-இல் ஆடியபடியே.' அதன் கீழே, 'மீட்டெடுத்தவர்: ரிம்மா ஷூபினா.' ஆலை உணவகத்தில் கரண்டி பிடிக்கும் என் அம்மா அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, தட்டு நீட்டியவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். முதல் வரி பொய் என்றால் அதன் கீழே நிற்கிற என் பெயரும் பொய். எனக்கிருந்த வழக்கு இது ஒன்றுதான்.

கால்தானே, கொஞ்சம் மேலே போனால் என்ன என்று கேட்பார்கள். கால் காது வரைக்கும் போய்த் திரும்பி வர நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு இசை காத்திருக்க வேண்டும். எங்கள் இசை நடத்துநர்கள் தாளைப் பார்த்து நடத்துவதில்லை, நாயகியின் பாதத்தைப் பார்த்து நடத்துவார்கள். பாதம் தரைக்கு வரும்வரை கோல் காற்றில் நிற்கும். துள்ளி ஓடவேண்டிய இசை ஜவ்வாக இழுபடும். பின்னால் துடுப்புப் போடுகிற பெண்கள் எல்லாம் ஒற்றைக் காலில் நின்று நடுங்குவார்கள். வேலை செய்கிறவளாக எழுதப்பட்ட பெண், ஜாடியில் வைத்த பூவாகிவிடுவாள்.

"யாரு ஃபாயா இந்தப் பொண்ணு?" என்று அக்ளாயா கேட்டாள். என்னிடம் இல்லை, பியானோ வாசிக்கும் ஃபாயினாவிடம். இத்தனை மாதமாக என்னைத் தினமும் பார்க்கிறாள்.

"குறிப்பு படிக்கிற பொண்ணு," என்றாள் ஃபாயினா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "என்னை இதுல இழுக்காதீங்க."

"செரபவெத்ஸ்காரிதானே? அங்க எல்லாம் காலை எவ்வளவு தூக்குவாங்க, கண்ணு?"

"பஸ் படி ஏறுற அளவுக்கு."

குழுப் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினாள். அக்ளாயாவின் கால் இப்போது இறங்கியது, என்னை நோக்கி நடப்பதற்காக.

"பதினேழு வயசுல இருந்து இந்த மேடையில ஆடுறேன். நேத்து பட்டம் வாங்கினவ எனக்குக் காலைப் பத்திப் பாடம் எடுக்குறியா?"

"நான் எடுக்கல. எழுதியிருக்கு, பாருங்க." தாள்களை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை, புறங்கையால் ஒரு தள்ளு. தாள்கள் தரையெங்கும் சிதறின.

கூடமே மூச்சை உள்ளே இழுத்தது. ஆட்டத்தின் தாள் கீழே விழுந்தால், எடுப்பதற்கு முன்னால் அதன்மேல் உட்கார்ந்தாக வேண்டும். உட்காராமல் எடுத்தால் ஆட்டம் படுத்துவிடும். நாடகசாலையில் பிறந்து வளர்ந்த பூனைக்குக்கூட இது தெரியும்.

"உக்காரு," என்றாள் ஃபாயினா மெதுவாக.

"போட்டது நான் இல்ல. போட்டவங்க உக்காரட்டும்."

அக்ளாயா என்னை முறைத்தாள். தாள்களை முறைத்தாள். பிறகு, அரசின் 'மக்கள் கலைஞர்' பட்டம் வாங்கியவள், விறைத்து நிற்கும் வெள்ளைப் பாவாடையைப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொத்தென்று என் புள்ளிகளின்மேல் உட்கார்ந்தாள்.

"ஆட்டத்துக்காக உக்காந்தேன். உனக்காக இல்ல," என்றாள் கீழேயிருந்து.

"உடம்பு முழுக்க இறங்குது, கால் மட்டும் இறங்க மாட்டேங்குது," என்றேன்.

ஒத்திகை அத்தோடு முடிந்தது.

இன்னகென்தி மக்சீமவிச் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். தன் அறையில் உட்காரவைத்து, தானே தேநீர் ஊற்றி, எலுமிச்சை வில்லை போட்டு என் முன்னால் நகர்த்தினார்.

"ரிம்மோச்கா, அந்தக் காலத்துப் பொம்பளைங்க குட்டை. இடுப்பு கனம். மேலுக்குக் கம்பி வெச்சுத் தைச்ச சட்டை. தூக்க முடியல, அதனால தூக்கல. முடிஞ்சிருந்தா தூக்கியிருப்பாங்க."

"மேல தூக்குறதுக்குக் குறிப்புல தனி அடையாளமே இருக்கு. இதே ஆட்டத்துல ரெண்டாம் அங்கத்துல வருது. கோமாளிக்கு. அவன் காலைத் தலைக்கு மேல தூக்குவான், ஜனங்க சிரிக்கணும். அது கோமாளியோட கால், இன்னகென்தி மக்சீமவிச்."

அவர் கையிலிருந்த கரண்டி கோப்பையில் தட்டி நின்றது. "இதை அக்ளாயாகிட்ட சொல்லிடாதே."

"சொல்லத்தான் போறேன்."

"இன்னைக்கு வர்ற ஜனங்க வேற, பொண்ணே. கால் மேல போனா கை தட்டுறான். கீழயே இருந்தா போனை எடுத்து நோண்டுறான். நான் காப்பகம் நடத்தல. நாடகசாலை நடத்துறேன்."

"நடத்துங்க. பழைய கதையை வெச்சுப் புதுசா ஆடுறோம்னு போடுங்க. நான் ஏன் வேண்டாங்கப்போறேன்? '1893-இல் ஆடியபடியே'ன்னு எதுக்குப் போட்டீங்க?"

"அதைப் போட்டாத்தான் சீட்டு விக்குது."

அதை அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒளித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். ஒளிக்காததால் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

அதோடு நிற்கவில்லை. பணப்பைக் காட்சியையும் வெட்டியாயிற்று என்றார். பண்ணையார் பையை நீட்டும்போது ஓடக்காரி ஆடமாட்டாள். நின்று கையாலேயே பேசுவாள். நீ. உன் பை. என் ஆறு. போ. அந்தக் காலத்துப் பாலேயில் இப்படிக் கைப்பேச்சு நிறைய உண்டு. "கையை ஆட்டிக்கிட்டு நின்னா ஊமைக் கூத்துன்னு சிரிப்பாங்க," என்றார். "அதுக்குப் பதிலா அக்ளாயா முதுகை வளைச்சு அழகாத் திரும்பிப் போயிடுவா. யாருக்கும் புரியாமப் போகாது."

அந்தக் காட்சியை, ஆட வராத என் கையால், ஒருநாள் தொலைபேசிக் காணொளியில் அம்மாவுக்குச் செய்து காட்டியிருந்தேன். ஒன்றும் விளக்கவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "பைத்தியக்காரி. பையை வாங்கிக்கிட்டு அப்புறம் அவனை ஆத்துல தள்ள வேண்டியதுதானே?" என்றாள். புரியாது என்கிறார் இவர்.

"கேளு," என்று இன்னகென்தி மக்சீமவிச் முன்னால் சாய்ந்தார். "அடுத்த வருஷத்துல இருந்து உனக்கு நிரந்தர வேலை. விடுதி அறை உன் பேர்லயே. காப்பகத்துல இன்னும் எத்தனையோ ஆட்டம் தூங்குது, எல்லாம் நீதான் எடுக்கப்போறே. நாளன்னைக்குப் பொது ஒத்திகை. திரை தூக்குறதுக்கு முன்னால மேடையேறி ரெண்டு வார்த்தை சொல்லு. ஒவ்வொரு அடியும் அந்தக் காலத்து அடின்னு. படிச்ச பொண்ணு சொன்னா நம்புவாங்க."

"சொல்லலைன்னா?"

"இந்த ஊரு நீ நெனக்கிறதைவிடச் சின்னது, ரிம்மோச்கா. பாலே அதைவிடச் சின்னது."

தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன். எலுமிச்சை வில்லை மிதந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை ஃபாயினா என்னைப் படிக்கட்டில் மறித்தாள். "மேல சின்னக் கூடத்துக்கு வா. வாயைத் திறக்காம வா."

அக்ளாயா அங்கே இருந்தாள். முகப்பூச்சு இல்லை. கம்பளிக் காலுறை, இரண்டு முழங்காலிலும் கட்டு. என்னைப் பார்க்காமல், "கதவைச் சாத்து," என்றாள். ஃபாயினாவிடம், "இவ தாள்ல என்ன வேகம் போட்டிருக்கோ அந்த வேகத்துல வாசி. எனக்காக நிக்காதே."

ஃபாயினா வாசித்தாள். அக்ளாயா ஆடினாள்.

பாதம் தரையைவிட்டு ஒரு சாண்கூடப் போகவில்லை முதலில். சின்னச் சின்ன வெட்டு, குதிப்பு, திரும்பல், ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கால் இடுப்பு வரைக்கும் வந்தது, வெட்டியது, போனது. துடுப்பு தண்ணீரில் இறங்கி ஏறுவதுபோல. நிமிர்ந்து அழகு காட்ட அவளுக்கு நேரமே இல்லை. அக்கரையில் ஆள் காத்திருக்கிறது, வெளிச்சம் போகிறது, இவளுக்கு வேலை கிடக்கிறது. இரண்டு குளிர்காலமாக எனக்குப் புள்ளிகளாகவே தெரிந்தவள், வியர்வையோடு என் முன்னால் ஓடம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு இரைத்தது கேட்டது. அது குறிப்பில் இல்லை.

முடிந்ததும் முதலில் பேசியது ஃபாயினாதான். "கடவுளே. இது மட்டமான இசைன்னு இல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அக்ளாயா சுவரோரப் பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். "நல்லா இருந்துச்சா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"இருந்துச்சு."

"எனக்கும்தான். அதுதான் பத்திக்கிட்டு வருது." நிமிர்ந்தாள். "காலைக் காதுக்குத் தூக்குறது இதுல பாதி கஷ்டம்கூட இல்ல. தெரியுமா உனக்கு?"

"அப்போ நாளைக்கு இதையே ஆடுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"இலையுதிர் காலம் வந்தா எனக்கு நாப்பத்தொண்ணு. நான் காலை இறக்கினா உன் புள்ளியைப் பத்தி எவனும் எழுத மாட்டான். அக்ளாயாவுக்குக் கால் போச்சுன்னு எழுதுவான். கீழ புளிச்ச பால் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காளுங்களே, ஒவ்வொருத்தியும் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கா. ஒருதரம் இறங்கின காலை மறுபடி எவனும் ஏத்திவிட மாட்டான்."

"ஏன் இறக்கினீங்கன்னு கேட்டா என்னைக் கைகாட்டுங்க. இப்படித்தான் எழுதியிருக்குன்னு நான் சொல்றேன். எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"நீ சொன்னா யாரு கேப்பாங்க?" குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "நீ யாரு?"

அவளைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது, அதற்காக விட்டுக்கொடுக்க மனசும் வரவில்லை. இத்தனை பட்டம், இத்தனை கைதட்டல், வீடு நிறையப் பூங்கொத்து, அத்தனைக்கும் பிறகும் ஒரு பெண் தன் காலைத் தனக்குப் பிடித்த உயரத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால், அந்தப் பட்டத்தை எல்லாம் எதற்கு வாங்குகிறீர்கள்?

"நீங்க பயப்படறீங்க, அக்ளாயா விக்தோரவ்னா," என்றேன்.

"ஆமா," என்றாள். "இப்போ வெளிய போ."

அன்றிரவே பெட்டியைக் கட்டி, மறுநாள் நாடகசாலை விடுதிப் படுக்கையைக் காலி செய்தேன்.

பொது ஒத்திகைக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. ஓய்வூதியக்காரர்கள், மாணவர்கள், ஆடுகிறவர்களின் அத்தை மாமாக்கள், ஆறாம் வரிசையில் காலுக்குமேல் கால் போட்டு விமர்சகர்கள். என் பெட்டியை மேலங்கி அறையில் வைத்துவிட்டு மேடையின் பக்கவாட்டுக்குப் போனபோது ஃபாயினா பார்த்துவிட்டாள்.

"எங்க போற பெட்டியைத் தூக்கிக்கிட்டு?"

"ஊருக்கு. ஆலைக்காரங்க கலாச்சார மாளிகையில ஒரு பியானோ இருக்கு."

"சுருதி சேர்ந்திருக்கா?"

"இல்ல."

"நாசமாப் போச்சு. யாரை வெச்சு ஆடுவே?"

"சாயங்காலம் வேலை முடிச்சுட்டு ஆடக் கத்துக்க வர்ற பொண்ணுங்க இருக்காங்க. காலைக் காதுக்குத் தூக்க வராது அவங்களுக்கு. ரொம்ப வசதி. பணப்பைக் காட்சியையும் வெட்ட மாட்டேன்."

"எனக்கு பென்ஷன் இருக்கு, பூனை இருக்கு. என்னை எல்லாம் கூப்பிடாதே."

"நான் கூப்பிடவே இல்லையே, ஃபாயினா பாவ்லவ்னா."

"அதான் சொல்றேன்," என்று எரிந்து விழுந்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள்.

இன்னகென்தி மக்சீமவிச் ஒலிவாங்கியை என் கையில் வைத்து, தோளைத் தட்டினார். "ரெண்டே வார்த்தை."

திரைக்கு முன்னால் போய் நின்றேன். திரைக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அக்ளாயா கால் வழுக்காமலிருக்கப் பிசின்பொடியில் ஆட்டச் செருப்பைத் தேய்க்கும் கரகரப்பு கேட்டது. நான் சொல்வதெல்லாம் அவளுக்கும் கேட்கும்.

"வணக்கம். என் பேரு ரிம்மா ஷூபினா. சுவரொட்டியில பார்த்திருப்பீங்க."

"கேக்கல, சத்தமாப் பேசும்மா," என்று மேல்மாடத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

சத்தமாகப் பேசினேன். இரும்பாலைச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய வீட்டில் பிறந்தவள்; எனக்கு ஒலிவாங்கியே தேவையில்லை.

"ஒவ்வொரு அடியும் 1893-இல் ஆடினதுன்னு சொல்லச் சொன்னாங்க. அது பொய். பணப்பைக் காட்சியை வெட்டிட்டாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, ஓடக்காரியோட கால்." கையை என் இடுப்பில் வைத்துக் காட்டினேன். "இதுவரைக்கும்தான் வரணும். இதுக்கு மேல போறது அந்த ஆட்டத்துல கோமாளியோட கால். இங்க நிறுத்தி, எழுதின வேகத்துல ஆடுறது, தூக்குறதைவிட ரொம்பக் கஷ்டம். அப்படி ஆட முடிஞ்ச ஒருத்தரை நான் பார்த்திருக்கேன். இந்தத் திரைக்குப் பின்னால நிக்கிறாங்க. இன்னைக்கு எப்படி ஆடப்போறாங்கன்னு எனக்குத் தெரியாது. கால் மேல போச்சுன்னா என் பேரை அடிச்சிடுங்க. கால் கீழ இருந்துச்சுன்னா," ஆறாம் வரிசையைப் பார்த்துச் சொன்னேன், "கால் போச்சுன்னு எழுதாதீங்க. கேட்டது நான்."

பிசின்பொடியின் கரகரப்பு நின்றிருந்தது.

பக்கவாட்டில் இன்னகென்தி மக்சீமவிச் முகம் வெளுத்து, திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒலிவாங்கியை மேடை விளிம்பில் வைத்துவிட்டு, சின்னப் படி வழியாக இறங்கி, நடுப்பாதையில் நடந்தேன். யாரும் கை தட்டவில்லை. நான்காம் வரிசையில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கோமாளி எப்போ வருவான், பொண்ணே?"

"ரெண்டாம் அங்கம்."

"அதுவரைக்கும் தூங்காம இருக்கணும்," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

மேலங்கி அறையில் என் பெட்டியையும் மேலங்கியையும் வாங்கிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அப்பால் இசை தொடங்கியது. முதலில் ஆறு. அப்புறம் துடுப்புகள். அடுத்து அவள். இன்னும் கொஞ்சம் நின்றால் வேகம் காதில் விழும், கால் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். இறங்கியிருந்தால் அது அவளுடைய தைரியம். ஏறியிருந்தால் என் பெயர் அங்கே இல்லை. இரண்டில் எதுவானாலும் மாலை ரயில் ஒன்றுதான்.

கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளினேன்.